நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆள்

அரைப் பக்கம் எழுதித் தந்தால் போதும் என்றார்கள். ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள், "சார், ஹாலை எப்படிப் பாத்துக்கிறதுன்னு ஒரு நோட்டு மாதிரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்" என்று கேட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். உட்கார்ந்து பார்த்தால் அரைப் பக்கம் எனக்கு வணக்கம் சொல்லவே பற்றவில்லை. இத்தனைக்கும் அடுத்த வருடத்திலிருந்து எங்கள் வீடியோ கேம் விழாவில் வரிசையே கிடையாதாம். பெயரைப் பதிந்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், முறை வந்ததும் கைப்பேசிக்குச் சேதி வருமாம். தாராளமாக வரட்டும். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை, என் முழங்காலுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் எங்கள் விழாவில் நாற்காலிக்குப் பின்னால் ஏன் ஒருவரும் நிற்கக் கூடாது என்று அந்தப் பெண்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

என் பெயர் பக்கிரிசாமி. மயிலாடுதுறைக்குப் பக்கம். இந்த வேலைக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர் ஒருவரிடம் பந்தி விசாரிப்பு பார்த்தேன். பந்தி விசாரிப்பு என்றால் பரிமாறுவது இல்லை. யார் எங்கே உட்காருவது, எந்த இலைக்கு எது போகவில்லை, எந்தச் சம்பந்தியின் முகம் சுண்டுகிறது, அடுத்த பந்தியை எப்போது உள்ளே விடுவது, இதெல்லாம் பார்க்கிறவன். அந்த இருபத்திரண்டு வருடத்தை இங்கே நான் விவரிக்கப் போவதில்லை. அப்பளம் வரவில்லை என்று நின்றுபோக இருந்த கல்யாணம் ஒன்றை நடத்தி வைத்தவன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஒரு பெண் போன் செய்தாள். "அண்ணே, நான் கமலி பேசறேன். திருப்பனந்தாள்ல எங்க அண்ணன் கல்யாணம் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? நான் ரெண்டு தடவை பாயசம் கேட்டேன்."

"ரெண்டு இல்ல, மூணு" என்றேன்.

"பாத்தீங்களா, இதுக்குத்தான் உங்களைத் தேடுறேன்" என்றாள்.

கமலி வெளிநாட்டில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தாள். அதன் வேலை வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள் விழா நடத்துவது. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ கேம் செய்கிறவர்கள் அங்கே மேஜை போட்டுத் தங்கள் கேமை வைப்பார்கள். ஊர் ஜனம் வந்து விளையாடிப் பார்க்கும். கேம்களை வாங்கி வெளியிடுகிற கம்பெனிக்காரர்களும் வந்து பார்ப்பார்கள். பிடித்தால் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். "இதெல்லாம் பெங்களூருலதான் நடக்கணுமா?" என்பது கமலியின் வாதம்.

"எனக்கு வீடியோ கேம்னா என்னன்னே தெரியாதும்மா" என்றேன்.

"கேம் தெரிஞ்சவங்க எங்க ஆபீஸ்ல நாலு பேர் இருக்கோம்ணே. கூட்டம் தெரிஞ்சவங்கதான் இல்ல."

இப்படித்தான் ஹால் பொறுப்பாளர் என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஒன்பது விழா பார்த்தாயிற்று.

கமலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள், எனக்கு முதலாளி. ஊரார் முன்னால் மேடம் என்பேன், கோபம் வந்தால் பாப்பா என்பேன். அவளுக்குக் கோபம் வந்து குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு சொல்தான், "அப்படியா". அதில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் தலை கொஞ்சம் சாயும், "நல்லது, மேலே சொல்லுங்க" என்று அர்த்தம். இரண்டாவதில் தலை அசையாது, "நீங்க சொல்றது பொய்னு எனக்குத் தெரியும்" என்று அர்த்தம். மூன்றாவதில் "அப்படியா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறப்பாள், குடிக்க மாட்டாள், மறுபடி மூடி வைத்துவிடுவாள். அந்த மூடி திரும்பும் சத்தம் கேட்டால் எங்கே என்ன தப்பு நடந்தது என்று தேடிக்கொண்டு ஓடுவேன். பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன அன்றைக்குக்கூட நான் அப்படி ஓடியதில்லை.

எங்கள் விழாவைத் தாங்கிய இன்னொரு பெரிய மனிதர் ரைஸ் மில் முதலாளி சீனிவாசன். அவர்தான் தன் கல்யாண மண்டபத்தை இரண்டு நாளைக்குச் சும்மா தந்தார், சாப்பாடும் அவருடையது. அவருக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, வந்தவர் யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு கேமையும் அவர்தான் முதலில் விளையாடித் தொடங்கி வைப்பார். எந்தக் கேமிலும் அரை நிமிஷத்துக்கு மேல் அவர் உயிரோடு இருந்ததில்லை. செத்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சவுண்டு பிரமாதம்" என்பார். முதல் வருடம் விதை நெல் கம்பெனி ஒன்று விளம்பரம் தந்து, திரைக்குத் திரை ஒரு நெற்கதிர் படம் தொங்கியது. கேம் செய்த பையன் ஒருவன், அந்தப் படத்தையும் கேமின் பகுதி என்று நினைத்த ஒரு தாத்தாவிடம் மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அவதிப்பட்டான்.

இனி வேலை முறை. இதை அந்தப் பெண்கள் மனப்பாடம் செய்தால் நல்லது.

ஒவ்வொரு மேஜையிலும் ஒரு திரை, ஒரு கன்ட்ரோலர், ஒரு ஹெட்போன், ஒரு நாற்காலி. நாற்காலிக்கு ஒரு கை தூரம் தள்ளி ஒரு ஸ்டூல், கேம் செய்தவருக்கு. ஒருவர் விளையாடி எழுந்ததும் ஹெட்போனை ஈரத் துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைக்க வேண்டும். கன்ட்ரோலரையும் அப்படியே. கேமை முதல் திரைக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும், யாரோ விட்ட இடத்திலிருந்து இன்னொருவரை உட்கார வைப்பது எச்சில் இலையில் பரிமாறுவது மாதிரி. ஹெட்போன் மாட்டும் கொக்கியில் ஒரு பொத்தான் உண்டு. ஹெட்போனை எடுத்தால் நேரம் ஓடத் தொடங்கும், திரும்பக் கொக்கியில் மாட்டினால் நின்றுவிடும். எந்தக் கேமில் யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்பது கமலியின் டேப்லெட்டில் வந்து விழும். வெளியிடுகிற கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், கேம் செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. விளையாடுகிறவர் முழிக்கலாம், தப்பான பொத்தானை அழுத்தலாம், சுவரில் போய் முட்டிக்கொண்டே இருக்கலாம். ஸ்டூலில் இருப்பவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். "நாளைக்கு இந்தக் கேம் யார் வீட்டுக்கோ போகும். அங்கெல்லாம் நீ கூடவே போய்ச் சொல்லித் தருவியா?" என்று கமலி கேட்பாள். நியாயம்தான். ஆனால் நம் ஜில்லாவில் ஒருவன் வழி தெரியாமல் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவனைப் பேசாமல் இருக்கச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை! ஆளுக்கு ஒரு எலுமிச்சை மிட்டாய் வாயில் போட்டு உட்கார வைத்தேன். அதிலும் சிலர் மிட்டாயைக் கடித்து முழுங்கிவிட்டு, "லெஃப்டு, லெஃப்டு" என்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாவது விழாவுக்கு அமுதா என்று ஒரு பெண் வந்தாள். பாலிடெக்னிக் படித்தவள். ஓசூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து தனியாக ஒரு கேம் செய்திருந்தாள். கேமின் பெயர் 'முறைத் தண்ணி'. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, நீங்கள் கையில் மண்வெட்டியோடு கடைசி வயல்வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மடையைத் திறக்க வேண்டும், அடைக்க வேண்டும், தண்ணீர் கசிந்துவிடாமல் நண்டு வளையைப் பார்த்து மிதித்து மூட வேண்டும். இதில் ஒரு சங்கதி, தண்ணீர் உடனே வந்துவிடாது. முதல் நாலு நிமிஷம் காய்ந்த வாய்க்காலில் நடந்து வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தூரத்தில் ஒரு சத்தம் கேட்கும்.

அமுதாவோடு அவள் அப்பா கலியமூர்த்தியும் வந்திருந்தார். இரண்டு தலைமுறைக்கு முன்னால் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம், இப்போது குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பயிர் செய்கிறார். கேமில் வருகிற ஒவ்வொரு மடையும் அவர் சொல்லிக்கொடுத்தது. ஆகவே அவரைச் சும்மா உட்கார வைப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. யாராவது மடையை அடைக்க மறந்தால், "அடைங்க தம்பி, அடைங்க, பக்கத்து வயல்காரன் வெட்ட வருவான்!" என்று பாய்ந்து எழுவார். மிட்டாய் அவரிடம் செல்லவில்லை. கடைசியில் அவரே தோளில் கிடந்த துண்டின் நுனியைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டார். "இப்ப சரியாண்ணே?" என்று அதற்குள்ளேயே கேட்டார்.

அமுதா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "இந்த விழா வரைக்கும்தான் சார். கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணுல வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சு. திங்கக்கெழமை சேரணும். யாராவது எடுத்தா இதைச் செய்வேன். இல்லன்னா இதோட மூடிட்டுப் போயிடுவேன்னு நானேதான் அப்பாகிட்ட வாக்குக் குடுத்தேன்." விழா சனி, ஞாயிறு. பெங்களூரிலிருந்து விவேக் என்பவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அவருடைய கம்பெனி எங்கள் விழாவிலிருந்து ஒரே ஒரு கேமை எடுக்கும்.

சனிக்கிழமை காலையில் எதிர்பார்க்காத கூட்டம். வாசலுக்கு வெளியே வெயிலில் ஜனம் நிற்கிறது. நாகூரிலிருந்து வேன் பிடித்து வந்த காலேஜ் பிள்ளைகளுக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் யார் முன்னால் என்று தள்ளுமுள்ளு. கமலி வரவேற்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். இருபத்திரண்டு வருட அனுபவம் எதற்கு இருக்கிறது? பந்தியில் என்ன செய்வோம்? சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் போய் நின்றுகொள்வார். இவர் எழுந்ததும் அவர் உட்காருவார். வெளியே கூட்டமே இருக்காது. அதையே செய்தேன். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அடடா, ஹால் எப்படி ஓடியது தெரியுமா! சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒருவர் எழுவதும் ஒருவர் உட்காருவதும் ஒரே சீராக நடந்தது. சாயங்காலம் கமலி வந்து பார்த்துவிட்டு, "எப்படிண்ணே பண்ணீங்க?" என்றாள். விளக்கினேன். "அப்படியா!" என்றாள், முதல் வகை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகும்போது தரையில் கால் படவில்லை.

ஞாயிறு காலை விவேக் வந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல மரியாதையான பிள்ளை. சென்னைத் தமிழ். கமலியின் டேப்லெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மேஜை மேஜையாக நடந்தார். கோழி துரத்துகிற கேம் ஒன்று இருந்தது, இரண்டு நிமிஷத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். அதன் முன்னால் நின்று, "இதுல எல்லாரும் முழுசா ஆடறாங்க" என்று பாராட்டினார். அமுதாவின் மேஜைக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார். "முறைத் தண்ணி. மூணு நிமிஷம். ஒருத்தர்கூட தண்ணி வர்ற வரைக்கும் உட்காரலையே. ஐடியா நல்லா இருக்கு மேடம். ஆனா ஜனங்களுக்கு போர் அடிக்குது போல." அமுதாவிடம் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

கலியமூர்த்தி வாயிலிருந்து துண்டை எடுத்தார், மறுபடி கடித்துக்கொண்டார். அமுதா தன் நோட்டை என்னிடம் நீட்டினாள். விளையாடிய ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தாள். 'மண்வெட்டியைக் கண்டுபிடித்தார். சிரித்தார். எழுந்துவிட்டார்.' 'நண்டைப் பார்த்து நல்லா இருக்கு என்றார். எழுந்துவிட்டார்.' பக்கம் முழுக்க எழுந்துவிட்டார், எழுந்துவிட்டார் என்றே இருந்தது.

"பிடிக்கலன்னா திட்டிட்டு எந்திரிக்கட்டும் சார். சிரிச்சுட்டு ஏன் சார் எந்திரிக்கிறாங்க?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானச் சாப்பாடு. நான் எப்போதும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். அன்றைக்கு மில் முதலாளி கையைப் பிடித்து இழுத்து இரண்டாவது பந்தியிலேயே உட்கார வைத்துவிட்டார். சாம்பார் முடிந்து ரசம் வந்தது. அப்போது என் பிடரியில் யாரோ மூச்சு விடுவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் ஒல்லியாக ஒரு காலேஜ் பிள்ளை என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் ரசத்தை இரண்டு வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு இலையை மடித்து எழுந்துவிட்டேன்.

குழாயடியில் கையை நீட்டினேன். கை அப்படியே நின்றுவிட்டது. மோர் சாதம் சாப்பிடவில்லை! வாழ்க்கையில் மோர் சாதம் சாப்பிடாமல் நான் இலையை விட்டு எழுந்ததே கிடையாது. எதற்காக எழுந்தேன்? சாப்பாடு பிடிக்கவில்லையா? பசி தீர்ந்துவிட்டதா? இல்லையே!

ஹாலுக்குள் ஓடினேன். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு ஆள், நான் நிறுத்தி வைத்த ஆள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மோர் சாதத்துக்கு முன்னால் எழுந்துகொண்டிருந்தார்கள். பின்னால் ஒருவரை நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் ஆற அமர உட்கார நம் ஊரில் யாருக்கு மனசு வரும்? கோழி துரத்துகிறவன் இரண்டு நிமிஷத்தில் ஆட்டத்தை முடித்துவிட்டு நிம்மதியாகப் போனான். அமுதாவின் கேமில் உட்கார்ந்தவன்தான் தண்ணீர் வருவதற்கு முன்னால் மரியாதைக்கு எழுந்தான்.

கமலியிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா" என்றாள். பாட்டில் மூடி திரும்பியது.

"அப்ப நேத்திலேருந்து வந்த நம்பர் எல்லாம் தப்பா?"

"நம்பர் தப்பு இல்ல பாப்பா. அது கேமோட நேரம் இல்ல. பின்னாடி நின்ன ஆளோட நேரம். நிறுத்தினது நான். அந்தப் பொண்ணோட ரெண்டு வருஷத்தை நான் கெடுத்துட்டேன்." கமலி மூடியை மறுபடி மூடினாள். "விவேக் அஞ்சு மணி ரயிலுக்குப் போறார். வாங்க" என்றாள்.

விவேக் நம்பவில்லை. காபியும் வாழைக்காய் பஜ்ஜியும் எடுத்துக்கொண்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார். "அது எப்படி சார்? எந்திரிக்கிறது அவங்கவங்க இஷ்டம்தானே. கேம் நல்லா இருந்தா யார் நின்னா என்ன?"

கமலி என்னைப் பார்த்தாள். நான் மெதுவாக நடந்து போய் விவேக்கின் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கமலியிடம் டேப்லெட்டைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, சாப்பிட வந்தவன் மாதிரி பஜ்ஜித் தட்டையே பார்த்தேன். அவர் பேச்சு தடுமாறியது. காபியை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். ஒன்றரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, பாதி பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து, "உக்காருங்க சார், எனக்கு ஆச்சு" என்றார்.

"பஜ்ஜி பிடிக்கலயா விவேக்?" என்று கேட்டாள் கமலி.

விவேக் கையில் இருந்த பாதிப் பஜ்ஜியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஐயோ" என்றார்.

அடுத்த பத்து நிமிஷத்தில் நாற்காலிக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரையும் நகர்த்தினேன். தள்ளி ஒரு வரிசை நாற்காலி போட்டேன். ஆனால் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் நம் ஆள் எழுந்துவிடுவான் என்பது எனக்குத் தெரியும். எனவே அந்த வரிசையைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். "நாங்க என்ன சார் தப்புப் பண்ணோம்?" என்று பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். மில் முதலாளிக்கும் அங்கேதான் இடம் கிடைத்தது. "என் மண்டபத்துலயே என்னைச் செவுத்தப் பாக்க வெச்சிட்டியே பக்கிரி" என்றார். நானும் அவர் பக்கத்திலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன், ஆனால் ஓரக்கண் திரும்பிக்கொண்டுதான் இருந்தது.

விவேக் அமுதாவின் மேஜையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். மண்வெட்டியைத் தேடினார். காய்ந்த வாய்க்காலில் நடந்தார். ஒரு மடையை அடைக்காமல் விட்டார், கலியமூர்த்தி துண்டோடு ஸ்டூலில் துடித்தார். மூன்று நிமிஷம் தாண்டியது, நாலும் தாண்டியது. விவேக்கின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சத்தம் கேட்டுவிட்டது போல. நுரையும் சருகுமாகத் தண்ணீர் வாய்க்காலில் நுழைந்தது. அடைக்காத மடை வழியாகப் பக்கத்து வயலுக்குள் பாய்ந்தது. கேமுக்குள் பக்கத்து வயல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து திட்டத் தொடங்கினார். விவேக் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே மண்ணை வெட்டி வெட்டிப் போட்டார்.

நாலரை ஆயிற்று. அமுதா கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டப்படி அவள் பேசக் கூடாது. ரயிலை ஞாபகப்படுத்தலாம் என்று நான் எழுந்தேன், கமலி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஐந்தும் ஆயிற்று. ரயில் போயிற்று.

அவர் ஹெட்போனைக் கழற்றியதும் முதலில் கேட்டது, "கடைசி வயலுக்குத் தண்ணி போனதும் ஒரு தவளைச் சத்தம் வருதே, அது எங்க ரெக்கார்ட் பண்ணீங்க?"

அமுதா வாயைத் திறப்பதற்குள் கலியமூர்த்தி துண்டை எடுத்துவிட்டார். "எங்க வீட்டுக்குப் பின்னாடி தம்பி. அது நான் புடிச்சுக் குடுத்த தவளை."

விவேக் அமுதாவைப் பார்த்து, "நான் ஆபீஸ்ல பேசணும். எங்க மேலதிகாரிங்க விளையாடிப் பாக்கணும். என்னால இப்ப வாக்குத் தர முடியாது. ஆனா திங்கக்கெழமை நீங்க கோயம்புத்தூர் போகலன்னா நல்லா இருக்கும்" என்றார்.

"அவங்க வேண்டாம்னுட்டா?" என்றாள் அமுதா.

அமுதா அப்பாவைப் பார்த்தாள். கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாக்கை எங்கிட்டதான குடுத்த? நான் திருப்பிக் குடுத்துட்டேன், போ" என்றார்.

அவர்கள் கிளம்பும்போது கலியமூர்த்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கண்ணே. எங்க அப்பா காலத்துல எல்லாப் பந்தியும் முடியற வரைக்கும் நாங்க வெளிய நிக்கணும். நிக்கிறவன் கஷ்டம் எனக்குத் தெரியும். உக்காந்திருக்கிறவனுக்கும் கஷ்டம் உண்டுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை அமுதா கோயம்புத்தூருக்குப் போகவில்லை. பெங்களூரிலிருந்து போன் வந்தது வியாழக்கிழமை. நடுவில் இருந்த அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என்னைக் கூப்பிட்டு, "சார், எடுத்துட்டாங்க" என்றபோது நான் தெருவென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் எனக்கு லாட்டரி விழுந்துவிட்டது என்று இன்னும் நம்புகிறார்.

இந்த வருட விழாதான் எனக்குக் கடைசி. இரண்டாம் நாள் எல்லாம் முடிந்து திரைகளை அணைக்கிற நேரத்தில் அமுதா வந்தாள். இப்போது அவளுக்குத் தஞ்சாவூரிலேயே மூன்று பேர் கம்பெனி இருக்கிறது. "சார், நீங்க இதுவரைக்கும் ஒரு கேமாவது விளையாடியிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை. பந்தி விசாரிக்கிறவன் பந்தி முடியாமல் சாப்பிடக் கூடாது, ஒன்பது வருடமும் அப்படித்தான் இருந்தேன். கமலி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். 'முறைத் தண்ணி' திரையில் வந்தது. ஹெட்போனைக் கமலியே துடைத்தாள், ஈரத் துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை.

மண்வெட்டி எங்கே என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு யுகம் ஆயிற்று. நண்டு என்னை இரண்டு தடவை கடித்தது. பக்கத்து வயல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் வந்தது, நாலு வயல் பாய்ந்தது, ஐந்தாவது பாய்ந்துகொண்டிருந்தது. அப்போது என் பிடரியில் ஒரு மூச்சு பட்டது. யாரோ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, பாவம். நான் ஹெட்போனைக் கழற்றி, கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் பாதி எழுந்தேவிட்டேன்.

ஒரு கனமான கை என் தோளில் விழுந்து என்னை அழுத்தியது. வாயில் துண்டு இல்லாத கலியமூர்த்தி.

"உக்காருங்கண்ணே" என்றார். "இன்னும் கடைசி வயல் பாக்கி இருக்கு."

உட்கார்ந்தேன்.